அண்ணாச்சி பதில்கள்: முங்காமல் குளிக்கிற இடம்

கேள்வி: அண்ணாச்சி, எங்க வீட்டுக்காரருக்கு 64 வயது, முட்டுவலி. இமாசலத்தில் கீர்கங்கா என்று மலைக்காட்டுக்குள் ஒரு வெந்நீர் ஊற்று இருக்கிறது, அதில் உட்கார்ந்து எழுந்தால் வலி போய்விடும், கூட்டிப்போகிறேன் என்கிறான் மகன். நீங்கள் அங்கே போய்வந்தவர் என்று கேள்விப்பட்டோம். எங்களால் ஏற முடியுமா?
– ஒரு வாசகி, கல்லிடைக்குறிச்சி

பதில்: அம்மா, ஏற வேண்டாம். மகன் ஆசையாகக் கூப்பிடுகிறான், அதைக் கெடுக்க எனக்கு மனசில்லை. ஆனால் பர்ஷைணி என்ற ஊரோடு வண்டிப்பாதை முடிந்துவிடும். அதற்கு மேல் சுமார் 12 கிலோமீட்டர் நடைதான். நக்தான் கிராமம், ருத்ரநாக் அருவி, அப்புறம் தேவதாரு மரக் காடு. வழி முழுக்க வேரும் கல்லும் சகதியும். நல்ல முட்டு உள்ளவருக்கே ஐந்தாறு மணி நேரம் பிடிக்கும். ஊற்று இருக்கும் இடம் கிட்டத்தட்ட 2,950 மீட்டர் உயரம். நம்ம அகத்தியர் மலை உச்சியே 1,868 மீட்டர்தான் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். ஏறும்போது மூச்சு வாங்கும், அதைக்கூட உட்கார்ந்து உட்கார்ந்து சமாளித்துவிடலாம். இறங்கும்போதுதான் முட்டு கெஞ்சும். வெந்நீரில் கிடைத்த சுகம் முழுவதையும் அந்த இறக்கம் வாங்கிக்கொள்ளும்.

வெந்நீர்ச் சூட்டில் வலி கொஞ்ச நேரம் குறையும், உண்மைதான். தேய்ந்த மூட்டு திரும்ப வளராது. அதை நம்பி மருந்தை நிறுத்திவிடாதீர்கள்.

நான் சொல்கிற யோசனை இது. மகன் மேலே ஏறிப் போய்வரட்டும். நீங்கள் இரண்டு பேரும் கீழே மணிகரண் என்ற ஊரில் தங்கிக்கொள்ளுங்கள், அங்கேயும் வெந்நீர் ஊற்று உண்டு. பஸ் அந்த ஊர்வரை போகும். அங்கே சீக்கியர் கோயிலான குருத்வாராவில் ஆணுக்கும் பெண்ணுக்கும் தனித்தனியாக வெந்நீர்க் குளியல் இருக்கிறது. ஊற்றுத் தண்ணீரைப் பதமாக ஆற்றித்தான் விடுகிறார்கள். சாப்பாடும் அங்கேயே, எல்லோருக்கும் ஒரே பந்தி.

ரயில்வேயில் ஓய்வு பெற்ற அடுத்த வருஷம் நானும் மச்சினனும் நெல்லையில் திருக்குறள் எக்ஸ்பிரஸ் ஏறினோம். டெல்லியிலிருந்து ராத்திரி பஸ்ஸில் புந்தர், அங்கிருந்து மணிகரணுக்கு 35 கிலோமீட்டர். பார்வதி ஆறு பக்கத்திலேயே இரைந்துகொண்டு ஓடுகிறது. கை வைத்தால் விரல் மரத்துப்போகும் குளிர். அதே ஆற்றின் கரையில், பாறை இடுக்கிலிருந்து கொதிக்கக் கொதிக்கத் தண்ணீர் வருகிறது. நின்று பார்த்தால் ஆற்றுக்கு மேலேயே ஆவி படர்ந்திருக்கும்.

வீட்டிலிருந்து ஒரு படி அம்பை 16 அரிசி கொண்டுபோயிருந்தேன். எங்க ஊர் நெல் ஆராய்ச்சி நிலையத்தில் வந்த ரகம், குண்டு அரிசி. அங்கே எல்லோரும் செய்கிற மாதிரியே ஒரு கை அரிசியைத் துணியில் தளர முடிந்து, நூலில் கட்டிக் கொதிக்கிற தொட்டிக்குள் விட்டேன். தளர முடிய வேண்டும், இறுக்கினால் நடு அரிசி வேகாது. அந்த உயரத்தில் தண்ணீர் 94 டிகிரிக்கே கொதித்துவிடும், அதனால் வீட்டு அடுப்பைவிட நேரம் கூடுதல். பக்கத்தில் இருந்தவர்கள் முடிப்பை எடுத்து அரைமணி ஆகியும் என்னுடையது விதை விதையாக இருந்தது. பிறகு வெந்தது. பிரித்தபோது லேசான மண்வாசம். கருப்பட்டித் துண்டு ஒன்றைக் கடித்துக்கொண்டு இரண்டு பேரும் நின்றபடியே தின்றோம். எத்தனையோ கல்யாணப் பந்தியில் உட்கார்ந்திருக்கிறேன், அந்த ஒரு கைச் சோறு நாக்கிலேயே நிற்கிறது.

மேலே கீர்கங்காவில் முருகன் தவம் செய்ததாக அந்த ஊர்க்காரர்கள் சொல்கிறார்கள். அவர்களுக்கு அவர் கார்த்திகேயர். திருச்செந்தூரில் கடல் அலையோரம் நிற்கிறவர் அங்கே பனிமலை ஓரத்தில் உட்கார்ந்திருக்கிறார் என்று கேட்டதும் எனக்குக் கண் கலங்கிவிட்டது. தாய் பார்வதி பிள்ளைக்காகப் பால் பாயசம் பெருகவைத்தாளாம். இந்தியில் கீர் என்றால் பாயசம், அதனால்தான் கீர் கங்கை. தண்ணீரில் பாலாடை மாதிரி வெள்ளை மிதப்பதைப் பார்த்தால் அந்தப் பெயர் வந்த விதம் புரியும்.

கேள்வி: நம் பொதிகையில் ஏன் இப்படி வெந்நீர் ஊற்று இல்லை? அடர்காட்டுக்குள் தேடினால் கிடைக்குமா?
– ஒரு மாணவர், விக்கிரமசிங்கபுரம்

பதில்: தம்பி, வெந்நீர் ஊற்று என்றால் கீழே எரிமலை இருக்க வேண்டும் என்பதில்லை. மழைத் தண்ணீரும் பனி உருகிய தண்ணீரும் பாறை வெடிப்பு வழியாகக் கீழே இறங்கும். பூமிக்குள் ஒரு கிலோமீட்டர் இறங்கினால் சுமார் 25 முதல் 30 டிகிரி சூடு கூடும். அங்கே காய்ந்த தண்ணீர் ஆறுவதற்குள் விறுவிறுவென்று மேலே வர, ஆழமான ஒரு பிளவு வேண்டும். இமயமலை இன்னும் நெரிந்து உயர்ந்துகொண்டிருக்கிற மலை, அதனால் அங்கே பிளவுகள் நிறைய. பொதிகைப் பாறை கோடிக்கணக்கான வருஷமாக இறுகிக் கிடப்பது. அதன் தண்ணீர் சோலைக்காட்டு மண்ணிலும் மேல் வெடிப்பிலும் ஊறி, குளிர்ச்சியாகவே இறங்கி வருகிறது. வைகாசியிலும் அகஸ்தியர் அருவியில் உடம்பு சிலிர்க்கிறதே, அதுதான்.

தேடிப் போகாதீர்கள். களக்காடு முண்டந்துறை 1988-இல் புலிகள் காப்பகம் ஆன காடு. அனுமதி இல்லாமல் உள்ளே நுழைவது குற்றம். புலிக்கும் கரடிக்கும் அது வீடு.

கேள்வி: கேரளாவில் அமீபா காய்ச்சல் என்கிறார்கள். வெந்நீர்க் குளத்தில் குளிக்கலாமா?
– ஒரு வாசகர், செங்கோட்டை

பதில்: குளிக்கலாம், முங்கக் கூடாது. நமக்கு இது கஷ்டம்தான். தாமிரபரணியில் மூக்கைப் பிடித்து மூன்று முங்கு போடாமல் குளித்த மாதிரியே இருக்காது. ஆனால் அந்த அமீபா வெதுவெதுப்பான நன்னீரில் வளர்வது, மூக்கு வழியாகத்தான் மூளைக்குப் போகிறது. குடித்தால் வராது. வருவது மிக அபூர்வம், வந்துவிட்டால் பிழைப்பதும் அபூர்வம். எந்த ஊர் வெந்நீர்க் குளமானாலும் கழுத்தளவோடு நிறுத்துங்கள். தலைக்குத் தனியாகக் குழாய்த் தண்ணீர் ஊற்றிக்கொள்ளலாம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். மச்சினன் முக்கால் மணி நேரம் சுகமாக உட்கார்ந்துவிட்டுச் சட்டென்று எழுந்தான். கண் இருட்டிக்கொண்டு வந்து, குளத்து விளிம்பிலேயே சாய்ந்துவிட்டான். சூட்டில் ரத்தக்குழாய்கள் விரிந்து ரத்த அழுத்தம் இறங்கிவிடும், அதுதான் காரணம். கால்மணி நேரம் போதும். மெதுவாக எழுந்து, படியில் கொஞ்சம் உட்கார்ந்து, தண்ணீர் குடித்துவிட்டு வெளியே வாருங்கள். இருதய நோயாளிகளும் கர்ப்பிணிகளும் மருத்துவரைக் கேட்காமல் இறங்க வேண்டாம். மது குடித்தவர் இறங்கவே கூடாது.

முன்பெல்லாம் குற்றாலம் போன மாதிரி எண்ணெய் தேய்த்துக்கொண்டு போகாதீர்கள், சோப்பும் வேண்டாம். அருவி என்றால் அடித்துக்கொண்டு போய்விடும், வெந்நீர் ஊற்றில் அத்தனை பேரும் ஒரே குளத்தில் உட்கார்ந்திருப்பார்கள். பாபநாசம் படித்துறையில் பரிகாரம் என்று விட்ட துணிகள் ஆற்றுக்குள் கிடந்து அழுகுவதைப் பார்த்துப் பார்த்து எனக்கு வயிறு எரிகிறது. அந்தப் பழக்கத்தை இன்னொரு மலைக்கும் கொண்டுபோய்விடாதீர்கள்.

கேள்வி: இமயம் வரை போக வசதியில்லை. கிட்டத்தில் ஏதாவது உண்டா? எந்த மாதம் போகலாம்?
– ஒரு வாசகர், மேலப்பாளையம்

பதில்: கர்நாடகத்தில் புத்தூர் பக்கம் பெந்த்ரு தீர்த்தம் இருக்கிறது. சூடு மிதம்தான், கொதிக்கும் என்று எதிர்பார்த்துப் போகாதீர்கள். இலங்கை போகிறவர்கள் திருகோணமலை அருகே கன்னியாவில் ஏழு கிணறுகளைப் பார்க்கலாம். ஒட்டி ஒட்டி இருக்கும் சின்னக் கிணறுகள், ஒவ்வொன்றிலும் சூடு வேறு. வாளியில் மொண்டு ஊற்றிக் குளிப்பார்கள். தாய்க்குக் கடன் கழிக்க ராவணன் உண்டாக்கியவை என்பது கதை.

கீர்கங்காவுக்கு மே, ஜூன் முதல் பாதி, அல்லது செப்டம்பர், அக்டோபர். ஜூலை, ஆகஸ்டில் மண் சரியும், போகவே வேண்டாம். மேலே தங்க இடம் உண்டா என்று பர்ஷைணியில் விசாரித்துவிட்டு ஏறுங்கள். மாற்றுத்துணி இரண்டு செட் கட்டாயம். நான் ஒரே ஒரு துண்டோடு போனேன். அந்தக் குளிரில் அது காயவே இல்லை, நெல்லை வந்து கொடியில் போட்டபோதும் ஈரமாகத்தான் இருந்தது.