தட்டுகளை இழுப்பது யார்? – வாசகர் கேள்வி பதில்

பத்தாம் வகுப்புக்குப் பாடம் எடுக்கிறேன். பாத்திரத்தில் வெந்நீர் சுழல்வதுபோல பூமிக்குள் மாக்மா (உருகிய பாறை) சுழன்று, மேலே மிதக்கும் பாறைத் தட்டுகளைச் சுமந்து போகிறது என்று சொல்லிக்கொடுக்கிறேன். சரிதானா? வகுப்பில் செய்துகாட்ட ஏதாவது வழி உண்டா?
– ஆசிரியை, உசிலம்பட்டி

பாதி சரி. வெப்பச்சலனம் உண்மை. ஆனால் தட்டுகளுக்குக் கீழே மாக்மாக் கடல் கிடையாது. அங்கே இருக்கும் கவசம் (mantle) என்ற அடுக்கு திடப்பாறை. நிலநடுக்கத்தின் எஸ் அலைகள் திரவத்தில் போகாது. ஆனால் கவசத்தைக் கடந்து போகின்றன. கடும் வெப்பத்தாலும் அழுத்தத்தாலும் அந்தத் திடப்பாறையே ஆண்டுக்குச் சில செ.மீ. கணக்கில் மெல்ல நகர்கிறது. அந்தச் சுழற்சியின் குளிர்ந்த மேல்பகுதிதான் தட்டு.

பெரிய விசை, அமிழும் முனையின் இழுப்பு. கடலடி மலைத்தொடரில் பிறக்கும்போது தட்டு சூடாகவும் மெலிதாகவும் இருக்கும். விலக விலகக் குளிர்ந்து, தடித்து, கனக்கும். கீழே உள்ள பாறையைவிட அடர்த்தி கூடியதும் கடலகழியில் (கடலடியின் ஆழமான பள்ளத்தில்) அமிழும். உள்ளே போகப் போக அதன் பசால்ட் பாறை, எக்லோகைட் என்ற இன்னும் அடர்த்தியான பாறையாக மாறுகிறது. பசால்ட்டின் அடர்த்தி கன செ.மீ.க்குச் சுமார் 3 கிராம், எக்லோகைட்டுக்குச் சுமார் 3.5. அதனால் இழுப்பு இன்னும் வலுக்கிறது.

இரண்டாவது, மலைத்தொடரின் தள்ளுவிசை. மாக்மா பிதுங்கி வந்து தள்ளுவதாகப் பல படங்களில் போட்டிருப்பார்கள், அது தவறு. மலைத்தொடரின் உச்சி சுமார் 2.5 கி.மீ. ஆழத்திலும், பழைய கடல்தரை 5 முதல் 6 கி.மீ. ஆழத்திலும் இருக்கின்றன. அந்தச் சரிவில் தட்டு தன் எடையாலேயே சறுக்குகிறது. இழுப்போடு ஒப்பிட்டால் இது சிறிய விசை.

எது முக்கியம் என்று எப்படிப் பிரித்தார்கள்? 1975இல் ஃபோர்சைத், உயேடா என்ற இரு ஆய்வாளர்கள் தட்டுகளின் வேகங்களை ஒப்பிட்டார்கள். அடியில் ஓடும் பாறைதான் சுமந்து போகிறது என்றால் பரப்புக்கும் வேகத்துக்கும் தொடர்பு தெரிய வேண்டும், தெரியவில்லை. விளிம்பில் எவ்வளவு பங்கு அகழியில் அமிழ்கிறதோ, அதற்கேற்பத்தான் வேகம் இருந்தது.

வகுப்பில் காட்ட ஒரு பருத்தித் துண்டும் பத்துப் பன்னிரண்டு துணி கிளிப்புகளும் போதும். வழவழப்பான மேசையில் துண்டை விரித்து, ஒரு சாண் மட்டும் வெளியே தொங்க விடுங்கள். அசையாது. தொங்கும் ஓரத்தில் கிளிப்புகளை ஒவ்வொன்றாக மாட்டுங்கள்; ஒரு கட்டத்தில் துண்டு முழுவதும் இறங்கிவிடும். துண்டு ஈரமாக இருந்தால் மேசையில் ஒட்டிக்கொண்டு நகராது. விளிம்பு கூராக இருந்தால் துணி மாட்டிக்கொள்ளும். அங்கே ஓர் அட்டையை வளைத்து ஒட்டுங்கள். ஒரு வேறுபாட்டைக் கட்டாயம் சொல்லிவிடுங்கள்: துண்டு இறங்க இறங்க வேகம் கூடும், தட்டுக்குக் கூடாது. கவசப்பாறையின் பிசுபிசுப்பு அதை ஓயாமல் தடுத்துக்கொண்டே இருக்கிறது.

இந்தியாவுக்கு வடக்கே இருந்த டெதிஸ் கடல்தரை முழுக்க அமிழ்ந்து போய்விட்டது. பிறகும் இந்தியா இமயமலையை முட்டிக்கொண்டே இருப்பது எதனால்?
– கல்லூரி மாணவர், திருமங்கலம்

அருமையான கேள்வி. ஏறக்குறைய 6.5 கோடி ஆண்டுகளுக்கு முன் இந்தியத் தட்டு ஆண்டுக்கு 15 செ.மீ.க்கு மேல் ஓடியது. சுமார் 5 கோடி ஆண்டுகளுக்கு முன் ஆசியாவில் மோதியபின் வேகம் இறங்கியது. இன்று சுமார் 5 செ.மீ. கண்டப்பாறை இலேசானது, கடல்தரைபோல எளிதில் அமிழாது. முன்னால் அமிழ்ந்த கடல்தரை அறுந்து கவசத்துக்குள் போய்விட்டது. நிலநடுக்க அலைகளைக் கொண்டு எடுத்த படங்களில் அந்தத் துண்டுகள் இந்தியாவுக்குக் கீழே தெரிகின்றன.

ஆனால் கிழக்கு விளிம்பு இன்னும் அமிழ்கிறது. அந்தமான் முதல் சுமத்ரா வரை உள்ள அகழியில்தான். 2004 டிசம்பர் 26 அன்று நழுவியது அந்த விளிம்பே. தெற்கிலும் தென்மேற்கிலும் இந்தியப் பெருங்கடலின் மலைத்தொடர்கள் தள்ளுகின்றன. கவசத்தின் ஓட்டமும் கைகொடுக்கிறது. இந்த மூன்றில் எதற்கு எவ்வளவு பங்கு என்பதில் ஆய்வாளர்களிடம் இன்னும் ஒருமித்த முடிவு இல்லை. என் மதிப்பீட்டில், கிழக்கு அகழியை விட்டுவிட்டு இமயமலையை மட்டும் பார்ப்பதுதான் இந்தக் கேள்வியைச் சிக்கலாக்குகிறது.

நில அளவைத் தொழிலில் இருக்கிறேன். மதுரையின் யானைமலையும் நகர்கிறது என்றால், நாங்கள் எடுக்கும் ஜி.பி.எஸ். ஆயங்கள் (இடத்தைக் குறிக்கும் எண்கள்) பழையதாகிவிடாதா?
– வாசகர், மேலூர்

ஆகும், ஆனால் எல்லா வேலையிலும் இல்லை. யானைமலையும் திருப்பரங்குன்றமும் ஒரே தட்டின் மேல் சேர்ந்தே வடகிழக்காக நகர்கின்றன. இரண்டுக்கும் இடையிலான தூரம் மாறாது. ஊருக்குள்ளேயே ஓர் அடிப்படை நிலையத்தை வைத்து, அதன் பழைய ஆயத்தையே கொடுத்து டி.ஜி.பி.எஸ்.ஸில் (நிலையத்தோடு ஒப்பிட்டுப் பிழையைத் திருத்தும் ஜி.பி.எஸ்.) அளந்தால் சிக்கல் வராது. செல்போனின் பிழையே சில மீட்டர் என்பதால் அதிலும் தெரியாது.

உலகளாவிய ஆயமுறையில் இன்றைய தேதிக்குக் கணக்கிட்ட புள்ளியை, 20 ஆண்டுக்கு முந்தைய புள்ளியோடு ஒப்பிடும்போதுதான் சுமார் 1 மீட்டர் விலகல் வரும். கல் நகர்த்தப்பட்டுவிட்டது என்று அதைத் தவறாக எடுத்துக்கொள்ள வாய்ப்பு உண்டு. ஆயத்தின் பக்கத்திலேயே அளந்த தேதியையும், எந்த ஆயமுறை என்பதையும் எழுதி வையுங்கள். இரண்டு புள்ளிகளையும் ஒரே தேதிக்குக் கொண்டுவந்த பிறகே ஒப்பிடுங்கள்.