"சரிபார்க்க முடியவில்லை" என்று மெடிக்கெய்டு கடிதம் வந்தால்

தம்பி, கிரீன் கார்டு விசாவில் அமெரிக்கா வந்து மூன்று மாதம்தான் ஆகிறது, மனைவி கர்ப்பம், குறைந்த வருமானக்காரர்களுக்கான அரசு மருத்துவக் காப்பீடான மெடிக்கெய்டுக்கு எழுதிப் போட்டால் "உங்கள் குடியேற்ற நிலையைச் சரிபார்க்க முடியவில்லை" என்று கடிதம் வந்திருக்கிறது, கார்டுக்கே ஆபத்தா என்று கேட்டிருக்கிறீர்கள். நான் கடிதத்துக்கு வருகிறேன்.

அது நிராகரிப்பு இல்லை. மாநில அலுவலகம் உங்கள் பெயர், பிறந்த தேதி, ஓர் அடையாள எண் மூன்றையும் 'சேவ்' என்ற கணினி முறைக்கு அனுப்புகிறது. நடத்துவது குடியேற்ற விண்ணப்பங்களைப் பார்க்கும் மத்திய அரசு அமைப்பான யூ.எஸ்.சி.ஐ.எஸ். மூன்றும் பொருந்தினால் சில நொடிகளில் பதில் வந்துவிடும். பொருந்தாவிட்டால் ஆள் உட்கார்ந்து பதிவேடுகளைத் தேடும் அடுத்த கட்டத்துக்குப் போகும். உங்கள் விண்ணப்பம் நிற்பது அங்கேதான். சேவ் உங்கள் நிலையை மட்டும் சொல்லும். உதவி உண்டா இல்லையா என்பது மாநிலத்தின் முடிவு.

நம் ஆட்களுக்கு முதலில் இடிப்பது பெயர். பாஸ்போர்ட்டில் குடும்பப்பெயர் கட்டத்தைக் காலியாக விட்டு, சொந்தப் பெயரையும் அப்பா பெயரையும் ஒரே கட்டத்தில் போட்டிருப்போம். அமெரிக்க விசாவில் அந்த முழுப் பெயரும் குடும்பப்பெயர் இடத்துக்குப் போய், முதல் பெயர் இடத்தில் 'எஃப்.என்.யூ' (முதல் பெயர் தெரியவில்லை) என்று விழும். விண்ணப்பத்திலோ நீங்கள் பெயரை அழகாக இரண்டாகப் பிரித்து எழுதியிருப்பீர்கள். கணினி அதை வேறு ஆள் என்று நினைத்துக்கொள்ளும். விசாவிலும் கார்டிலும் எப்படி இருக்கிறதோ, அப்படியே எழுதுங்கள்; இனிஷியலை விரித்தோ சுருக்கியோ எழுதாதீர்கள். தேதியையும் பாருங்கள்: இங்கே மாதம் முதலில், நாள் பிறகு. ஜூலை 4-ஐ 04/07 என்று எழுதினால் ஏப்ரல் 7 ஆகிவிடும்.

அடுத்தது எண். கார்டில் 'யூ.எஸ்.சி.ஐ.எஸ் நம்பர்' என்று இருக்கும் ஒன்பது இலக்கம்தான் ஏ-நம்பர், அதாவது குடியேற்றப் பதிவேட்டில் உங்களுக்கான எண். மூன்று எழுத்தும் பத்து இலக்கமுமாக வருவது கார்டு நம்பர். இரண்டையும் கட்டம் மாற்றிப் போடுபவர்கள் ஏராளம். கார்டு இன்னும் தபாலில் வரவில்லையென்றால், பாஸ்போர்ட்டில் உள்ள குடியேற்ற விசாவில் 'ரெஜிஸ்ட்ரேஷன் நம்பர்' என்ற இடத்தில் அதே ஏ-நம்பர் இருக்கும். நுழைவு முத்திரை குத்திய அந்த விசாவே ஓராண்டுக்குத் தற்காலிக கிரீன் கார்டு. அந்தப் பக்கத்தையும் பாஸ்போர்ட்டின் புகைப்படப் பக்கத்தையும் வண்ணத்தில் ஸ்கேன் செய்து அனுப்புங்கள். இருட்டறையில் போனில் எடுத்த படம் உதவாது.

நாங்கள் வந்த காலத்தில் ஐ-94 என்ற நுழைவுப் பதிவு பாஸ்போர்ட்டில் ஸ்டேப்பிள் அடித்த வெள்ளை அட்டை. எழுத்துப் பிழையிருந்தால் கண்ணில் படும். 2013-இல் விமான நிலையங்களில் அதைக் கணினிக்கு மாற்றினார்கள். இப்போது இறக்கிப் பார்த்தால்தான் பிழை தெரியும். வேலை விசாவிலும் மாணவர் விசாவிலும் வருகிறவர்கள் வந்த வாரமே எல்லையில் சோதிக்கும் துறையான சி.பி.பி.யின் தளத்தில் பார்த்துவிடுங்கள். திருத்தித் தருவது சி.பி.பி.யின் 'டெஃபர்டு இன்ஸ்பெக்ஷன்' அலுவலகம்.

ஆவணம் அனுப்பிய பிறகு சும்மா காத்திருக்காதீர்கள். 'சேவ் கேஸ்செக்' என்ற இலவசப் பக்கத்தில் பிறந்த தேதியும் ஏ-நம்பரும் கொடுத்தால் உங்கள் சரிபார்ப்பு எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்று காட்டும். "பதில் அலுவலகத்துக்கு அனுப்பப்பட்டது" என்று வந்தால் அந்தத் திரையை அச்செடுத்துக்கொண்டு கேஸ்வொர்க்கரிடம் போங்கள். பதில் வந்தும் யாரும் திறந்து பார்க்காமல் கிடக்கும் கோப்புகள் நிறைய.

மற்ற தகுதிகள் சரியாக இருந்தால், மெடிக்கெய்டில் சரிபார்ப்பு முடிவதற்கு 90 நாள் அவகாசம் தர வேண்டும். அதுவரை காப்பீட்டை நிறுத்திவைக்கக் கூடாது. இது மத்திய அரசு விதி. கவுண்டரில் இருப்பவர் மறந்திருந்தால் நீங்கள் நினைவூட்டுங்கள்.

"ஐந்து வருஷம் ஆகாமல் ஒன்றும் கிடைக்காது" என்று யாராவது உங்களிடம் சொல்லியிருப்பார்கள். 1996 சட்டப்படி பெரும்பாலான கிரீன் கார்டு பெரியவர்களுக்கு அது உண்மை. ஆனால் கர்ப்பிணிகளையும் குழந்தைகளையும் காத்திருக்க வைக்காமல் சேர்த்துக்கொள்ள 2009 முதல் மாநிலங்களுக்கு அனுமதி உண்டு. பல மாநிலங்கள் சேர்க்கின்றன. உங்கள் மாநிலத்தில் அது உண்டா என்று முதலில் கேளுங்கள். இலங்கையிலிருந்து தஞ்சம் கேட்டு வந்து கார்டு பெற்றவர்களுக்கும் மெடிக்கெய்டில் அந்த ஐந்தாண்டுத் தடை இல்லை. அவர்கள் கார்டில் வகை 'ஏ.எஸ்.6', 'ஏ.எஸ்.7' என்று இருக்கும். அதைக் கவனிக்காமல் சாதாரண கிரீன் கார்டு என்று தள்ளிவிடுவதுண்டு, விரலை வைத்துக் காட்டுங்கள்.

கார்டு பறிபோகுமா என்று பயப்படுகிறீர்கள். தகுதியோடு, உண்மையைச் சொல்லி விண்ணப்பித்ததற்காகக் கார்டு போகாது. உண்மையான ஆபத்து வேறு இடத்தில் இருக்கிறது. விண்ணப்பத்தில் "அமெரிக்கக் குடிமகனா?" என்ற கட்டத்தில் டிக் போட்டால் சீக்கிரம் நடக்கும் என்று வாட்ஸப்பில் அறிவுரை சொல்லும் மகாராசர்கள் இருக்கிறார்கள். அவர்கள் பேச்சைக் கேட்காதீர்கள். பொய்யாகக் குடிமகன் என்று சொல்வது நாடுகடத்தலுக்கே காரணமாகலாம். மன்னிப்புக்கு வழி மிகக் குறைவு. டி.எம்.வி.யில் லைசென்ஸ் எடுக்கும்போது வாக்காளர் பதிவுக் கேள்வி வரும், அங்கும் அவசரத்தில் "ஆம்" என்று அழுத்திவிடாதீர்கள்.

பிள்ளை பிறந்ததும் அது அமெரிக்கக் குடிமகன். பிள்ளைக்கு மட்டும் விண்ணப்பித்தால் உங்கள் வருமானத்தைக் கேட்பார்கள். உங்கள் குடியேற்ற நிலையைச் சொல்ல வேண்டிய கட்டாயம் இல்லை.

எல்லாம் கொடுத்தும் மறுத்தால், மறுப்புக் கடிதத்திலேயே முறையீட்டுக்கான கடைசித் தேதி அச்சிட்டிருக்கும். அதற்குள் 'ஃபேர் ஹியரிங்' (முறையீட்டு விசாரணை) வேண்டும் என்று எழுத்தில் கேளுங்கள், அனுப்பியதற்கு ரசீது வாங்கிக்கொள்ளுங்கள்.