ஹைட்ராலிக் ஸ்லைடு: வாசகர் கேள்வி, எங்கள் பதில்

கேள்வி: எங்கள் மோட்டார் ஹோமில் (வீடுபோல் அமைந்த வண்டி) மூன்று ஹைட்ராலிக் ஸ்லைடுகள், அதாவது ஆயில் அழுத்தத்தால் பக்கவாட்டில் வெளியே நீளும் அறைப் பகுதிகள். ஒரே பம்ப், ஒரே சுவிட்ச். அழுத்தினால் மூன்றும் கிளம்பிவிடுகின்றன. இடம் குறைவான இடத்தில் ஒன்றை மட்டும் வெளியே தள்ள முடியுமா?

பதில்: முடியும். ஒரே பம்ப் தள்ளும் ஆயில், எதிர்ப்பு குறைவான பக்கம்தான் முதலில் பாயும். லேசான ஸ்லைடு முந்துவதும் கனமானது பிந்துவதும் அதனால்தான். அசையக் கூடாத ஸ்லைடுக்குப் போகும் ஆயிலை அடைத்தால் போதும். ஒவ்வொரு ஸ்லைடுக்கும் ஒரு ஹைட்ராலிக் பால் வால்வு (உள்ளே உருண்டையைத் திருப்பி அடைக்கும் வகை), குறைந்தது 3000 பி.எஸ்.ஐ. (அழுத்த அளவு) தாங்குவதாக வாங்குங்கள். தண்ணீர்க் குழாய் வால்வு வேண்டவே வேண்டாம்.

வால்வை எந்த ஹோஸில் போடுவது என்பதில்தான் பலரும் தவறுகிறார்கள். ஸ்லைடை நகர்த்தும் சிலிண்டருக்கு இரண்டு ஹோஸ் உண்டு; அதன் ஒரு முனையில்தான் ராடு (நீண்டு சுருங்கும் தண்டு) இருக்கும். ராடு இல்லாத முனைக்குப் போகும் ஹோஸில் போடுங்கள். ராடு பக்கம் போட்டு மூடிவிட்டால், பம்ப் மறுமுனையில் தள்ளும்போது சிக்கிய ஆயிலின் அழுத்தம் பெருகும். சிலிண்டரின் உள்விட்டம் 2 அங்குலம், ராடு 1.25 அங்குலம் என்றால், பிஸ்டனின் இரு பக்கப் பரப்புகளின் விகிதம் சுமார் 1.64. பம்ப் 2000 பி.எஸ்.ஐ. கொடுத்தால் அங்கே 3280 ஏறும். ஹோஸோ சீலோ போகும். ராடு இல்லாத முனையில் அடைத்தால் இந்த ஆபத்து இல்லை. ஒரு ஸ்லைடுக்கு இரண்டு சிலிண்டர் இருந்தால், ஹோஸ் இரண்டாகப் பிரியும் டீ இணைப்புக்கு முன்பே ஒரே வால்வு போடுங்கள். சிலிண்டருக்கு ஒன்றாகப் போட்டு ஒன்றை மட்டும் திறந்தால் ஸ்லைடு கோணிக்கொள்ளும்.

வேலை தொடங்கும் முன் எல்லா ஸ்லைடையும் உள்ளே இழுத்து, பேட்டரி நெகட்டிவைக் கழற்றுங்கள். ஃபிட்டிங்கைத் துணியால் மூடி மெல்லத் தளர்த்தி அழுத்தத்தை விடுங்கள். கசிவைக் கையால் தடவிப் பார்க்காதீர்கள், அட்டையைக் காட்டிப் பாருங்கள். ஊசிபோலப் பீறிடும் ஆயில் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். ஃபிளேர் ஃபிட்டிங்கில் (கூம்பு முனை தானே அடைக்கும் இணைப்பு) டெஃப்லான் டேப் சுற்றாதீர்கள். அது பிய்ந்து வால்வு இருக்கையில் சிக்கினால் ஸ்லைடு தானாக நகரத் தொடங்கும்.

வால்வு மூடியிருக்கிறது என்பதற்காகப் பயணத்தின்போது ஸ்லைடைப் பூட்டி வைக்கும் கம்பியை மாட்டாமல் விட்டுவிடாதீர்கள். அந்த வால்வு ராடு வெளியே இழுபடுவதைத் தடுக்காது.

கேள்வி: சோலனாய்டு வால்வு (மின்சாரத்தால் திறந்து மூடும் வால்வு) பொருத்தி, தனித்தனி சுவிட்ச் வைத்தோம். ஒன்றை அழுத்தினாலும் எல்லாம் நகர்கின்றன. ஏன்?

பதில்: மின்சாரம் பின்வழியாகப் போகிறது. ஒவ்வொரு சுவிட்சும் தன் வால்வுக்கும் பொதுவான பம்ப் ரிலேக்கும் (பம்பை இயக்கும் மின் சுவிட்ச்) 12 வோல்ட் தருகிறது. அந்த ரிலே கம்பி வழியாக மற்ற வால்வுகளின் காயில்களுக்கும் மின்சாரம் போய் அவையும் திறந்துகொள்கின்றன. சுவிட்சிலிருந்து ரிலேக்குப் போகும் ஒவ்வொரு கம்பியிலும் ஒரு டயோடு (மின்சாரத்தை ஒரு திசையில் மட்டும் விடும் பாகம்) போடுங்கள், கோடு போட்ட முனை ரிலேயைப் பார்த்தபடி. அதன் பிறகும் நகர்ந்தால் வால்வைச் சந்தேகியுங்கள். சில வால்வுகள் ஒரு திசையில் மட்டுமே அடைக்கும். இருபுறமும் அடைக்கும் வகைதான் தேவை.

கேள்வி: ஆயில் அளவை எப்போது பார்ப்பது?

பதில்: சிலிண்டர் ராடுகள் எல்லாம் உள்ளே இருக்கும்போது, பெரும்பாலான வண்டிகளில் அது ஸ்லைடுகள் உள்ளே இருக்கும் நிலை. ராடு வெளியே இருக்கையில் நிரப்பினால், அது திரும்பும்போது தொட்டி வழிந்துவிடும். குழாயைக் கழற்றி மாட்டியிருந்தால் மூன்று நான்கு முறை முழுதாக ஓட்டி, நுரை அடங்கியபின் பாருங்கள். பல அமைப்புகளுக்கு டெக்ஸ்ரான் வகை ஏ.டி.எஃப். (ஆட்டோமேட்டிக் கியர் ஆயில்) தான், தொட்டி லேபிளில் உள்ளதையே ஊற்றுங்கள்.