கலிபோர்னியாவில் சொல் பேச்சு கேட்காத மாணவனை இனி சஸ்பெண்ட் செய்ய முடியாதாமே, எங்கள் ஊர் அரசுப் பள்ளிகளை நடத்தும் ஸ்கூல் டிஸ்ட்ரிக்டும் விதிகளைத் திருத்துகிறதாம். இது பிள்ளைகளைக் கெடுத்துவிடாதா?

உங்கள் பிள்ளை ஒரு தரம்கூட ஆபீஸ் ரூமுக்கு அனுப்பப்பட்டதில்லை என்று நினைக்கிறேன். தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். அந்த போன் வரும்வரை நானும் இதே கேள்வியைத்தான் கேட்டுக்கொண்டிருந்தேன்.

2018 அக்டோபர். என் மகன் அப்போது ஏழாம் வகுப்பு. ஆபீஸில் மீட்டிங்கில் இருந்தபோது பள்ளியிலிருந்து அழைத்தார்கள். வகுப்பில் ஹுடியின் தொப்பியைக் கழற்றச் சொல்லி டீச்சர் மூன்று முறை சொல்லியும் அவன் கழற்றவில்லையாம். இரண்டு நாள் சஸ்பென்ஷன், வந்து கூட்டிக்கொண்டு போங்கள் என்றார்கள். கையில் கொடுத்த படிவத்தில் கலிபோர்னியா கல்விச் சட்டத்தின் பிரிவு 48900, உட்பிரிவு கே என்று டிக் அடித்திருந்தது. வகுப்புக்கு இடையூறு செய்தல் அல்லது வேண்டுமென்றே ஆசிரியர் சொல்லை மீறுதல் என்பது அதன் அர்த்தம். ரொம்ப விசாலமான பிரிவு. ஹுடியும் அதில் அடங்கும், டீச்சரை முறைத்துப் பார்த்ததும் அடங்கும்.

காரில் ஒரு வார்த்தை பேசவில்லை. வீட்டுக்கு வந்ததும் அவன் போனைப் பிடுங்கி வைத்தேன், ஒரு மாதத்துக்கு கேம் கிடையாது என்றேன், ஊரிலிருக்கும் தாத்தா முகத்தில் எப்படி முழிப்பேன் என்றேன். ஏன்டா கழற்றவில்லை என்று மட்டும் கேட்கவில்லை.

மறுநாள் மத்தியானம் என் மனைவிதான் கவனித்தாள். நல்ல வெயில், வீட்டுக்குள்ளும் ஹுடியோடு உட்கார்ந்திருந்தான். தொப்பியை மெல்ல விலக்கினாள். காதுக்குப் பின்னால் ஐந்து ரூபாய் நாணயம் அளவுக்கு மண்டை வெள்ளையாகத் தெரிந்தது. முந்தைய ஞாயிறு நான் ட்ரிம்மர் போட்டபோது அதன் சீப்பு கழன்று விழுந்ததால் வந்த வழுக்கை. "ஒண்ணும் தெரியலடா, ரெண்டு நாள்ல வளந்துடும்" என்று நான்தான் சொல்லி அனுப்பியிருந்தேன். முப்பது பேர் முன்னால் அதைத் திறந்து காட்டப் பன்னிரண்டு வயசுப் பையனுக்கு மனசு வரவில்லை.

வீட்டில் ஏன் முடி வெட்டினாய் என்று கேட்பீர்கள். கடைக்குப் போனால் 25 டாலர், அதற்கு மேல் டிப்ஸ்.

பள்ளி சட்டப்படிதான் நடந்தது, அதையும் சொல்ல வேண்டும். 1975ல் கோஸ் எதிர் லோபஸ் வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஒரு தீர்ப்புச் சொன்னது. பத்து நாளுக்குள் உள்ள சஸ்பென்ஷனாக இருந்தாலும் என்ன குற்றம் என்று மாணவனிடம் சொல்லி, அவன் தரப்பைக் கேட்க வேண்டும். வைஸ் பிரின்சிபலும் "ஏதாவது சொல்லணுமா?" என்று கேட்டாராம். இவன் தோளைக் குலுக்கினானாம். கேட்டாயிற்று, முடிந்தது.

உங்கள் டிஸ்ட்ரிக்டில் விதி மாறுவது திடீரென்று வந்த கூத்து இல்லை. லாஸ் ஏஞ்சலஸ் யூனிஃபைட் என்ற ஸ்கூல் டிஸ்ட்ரிக்ட் 2013லேயே இந்தக் காரணத்துக்காக சஸ்பெண்ட் செய்வதை நிறுத்தியது. 2015லிருந்து மாநிலம் முழுக்க மூன்றாம் வகுப்பு வரை தடை. 2020 ஜூலையில் அது எட்டாம் வகுப்பு வரை நீண்டது. 2024 ஜூலையிலிருந்து பன்னிரண்டு வரை, இப்போதைக்கு 2029 வரைக்கும். என் மகனுக்கு இரண்டு வருஷம் தாமதம், அவ்வளவுதான்.

உடனே யாராவது கமெண்டில் "அப்போ டீச்சர் கதி?" என்று வருவார்கள். நான் டீச்சர்களுக்கு எதிரி இல்லை, என் அக்காவே டீச்சர்தான். அடிதடி, ஆயுதம், போதைப்பொருள் என்றால் சஸ்பென்ஷன் அப்படியே இருக்கிறது. தொல்லை தரும் மாணவனை டீச்சர் வகுப்பிலிருந்து வெளியே அனுப்பவும் முடியும். நிர்வாகம் அதற்கு என்ன செய்தது என்று 5 வேலை நாளுக்குள் அந்த டீச்சருக்குச் சொல்லியாக வேண்டும் என்று புதுச் சட்டமே சொல்கிறது. பிள்ளைக்குச் செல்லம் கொடுத்துவிட்டு இங்கே நியாயம் பேசுகிறான் என்பீர்கள். ஒரு மாத கேம் தடையை நான் பாதியில் எடுத்தது உண்மைதான், ஒப்புக்கொள்கிறேன்.

2024 வசந்தத்தில் எங்கள் டிஸ்ட்ரிக்ட் விதிகளைத் திருத்தியபோது, அதை நிர்வகிக்கும் போர்டின் மீட்டிங்குக்குப் போனேன். மகன் அப்போது பன்னிரண்டாவதை முடிக்கும் தறுவாயில் இருந்தான், எங்களுக்கு அதனால் ஒரு லாபமும் இல்லை. ஹுடிக் கதையைச் சொல்லத் தயாராகப் போயிருந்தேன். எனக்கு முன்னால் ஒரு கறுப்பினப் பாட்டி பேசினார். பேரனை ஒரே வருஷத்தில் நான்கு முறை இதே "கே" போட்டு வீட்டுக்கு அனுப்பினார்களாம். ஒவ்வொரு முறையும் அவர் வேலைக்கு லீவு, லீவுக்குச் சம்பளம் கிடையாது. 2013-14ல் நாடு முழுக்க அரசுப் பள்ளிகளில் கறுப்பின மாணவர்கள் சுமார் 15.5 சதவீதம், ஆனால் சஸ்பெண்ட் ஆனவர்களில் 39 சதவீதம் என்று மத்திய அரசின் தணிக்கை அமைப்பு எழுதியதை நான் முன்பே படித்திருந்தேன். படித்தது அப்போதுதான் உறைத்தது. என் கதையைப் பாதியாகச் சுருக்கிக்கொண்டேன்.

உங்கள் டிஸ்ட்ரிக்டின் வரைவு வந்ததும் சஸ்பென்ஷன் பக்கத்தை விட்டுவிட்டு, அதற்குப் பதிலாக என்ன செய்வார்கள் என்ற பகுதியைப் படியுங்கள். எங்களுடையதில் அது கால் பக்கம். கவுன்சிலர் பேசுவார் என்று போட்டிருந்தது, எத்தனை கவுன்சிலர் என்று போடவில்லை. நான் கேட்டேன், குறித்துக்கொண்டார்கள். நீங்களும் கேளுங்கள். இரண்டு நிமிடம்தான் தருவார்கள், எழுதி எடுத்துக்கொண்டு போங்கள்.