நாசிக்கில் கொடி தழைத்தும் குலை வராதது ஏன்?

வணக்கம். நாசிக் அருகே நட்ட ஒயின் திராட்சைக் கொடிகளை ஐரோப்பியக் கையேட்டின்படி ஜனவரியில் ஒருமுறை மட்டும் கவாத்து செய்வதாகவும், மூன்றாம் ஆண்டிலும் இலை தழைக்கிறதே தவிரக் குலை வரவில்லை என்றும் எழுதியிருந்தீர்கள். கொடியில் குறையிருப்பதாகத் தோன்றவில்லை; நீங்கள் பின்பற்றும் நாட்காட்டிதான் பிரான்சினுடையது. அங்கே குளிர்காலம் கொடியை உறங்க வைக்கிறது. ஏறத்தாழ 600 மீட்டர் உயரத்தில் இருந்தாலும் நாசிக்கில் அந்த உறக்கம் வாய்க்காததால், பருவத்தைக் கத்தரிக்கோல்தான் வகுக்க வேண்டும்.

ஏப்ரலில் ஓரிரு கண்கள் (துளிர்விடும் மொட்டுகள்) மட்டும் விட்டு ஒட்ட வெட்டினால், பின்னர் வரும் புதுக்கிளைகளில் கோடை வெயில் படும்போது, கண்ணுக்குள்ளேயே பூங்கொத்து கருக்கொள்கிறது. மழை ஓயும் செப்டம்பர், அக்டோபரில், காய்ப்புக் கண் எங்கே இருக்கிறதென்று பார்த்து, அதே கிளைகளை மீண்டும் வெட்டுங்கள். வறண்ட பகலிலும் குளிர்ந்த இரவிலும் பழம் முதிர்வதால் புளிப்பு முற்றிலும் கரைந்துவிடாமல், பிப்ரவரி வாக்கில் அறுவடைக்கு வரும். அவசரப்பட்டு மழைக்குள் வெட்டிவிடாதீர்கள். ஈரத்தில் பரவும் அடிச்சாம்பல் நோய் இளம் பூங்கொத்துகளைக் கருக்கிவிடும்.