பச்சை முட்டையும் சால்மோனெல்லாவும்: கால்நடை மருத்துவரிடம் கேட்டவை

அம்பாசமுத்திரம் வாசகி: மகள் சமைந்திருக்கிறாள். ஆச்சி தினமும் நாட்டுக்கோழி முட்டையைப் பச்சையாகக் குடிக்க வைத்து, மேலே நல்லெண்ணெயும் கொடுக்கிறார். சரிதானா?

நல்லெண்ணெய் இருக்கட்டும், பச்சை முட்டை வேண்டாம் அம்மா. சால்மோனெல்லா என்டெரிடிடிஸ் என்ற கிருமி கோழியின் முட்டைப்பையிலேயே தங்கும். ஓடு உருவாகும் முன்பே கருவுக்குள் போய்விடும். கோழி நன்றாக மேயும், முட்டையிலும் நாற்றம் இருக்காது. 1980களில் இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் முட்டை வழியே பெரிதாகப் பரவியது இதுதான். கிருமி வயிற்றுக்குள் போனால் பெரும்பாலும் 6 மணி நேரத்திலிருந்து 3 நாளுக்குள் காய்ச்சல், வயிற்றுவலி, பேதி. பலருக்கு ஒரு வாரத்தில் சரியாகும். கைக்குழந்தைக்கும் முதியவருக்கும் ரத்தத்தில் கலந்தால் உயிருக்கே ஆபத்து. பிள்ளைக்குத் தெம்பு வேண்டுமா? அவித்த முட்டையின் புரதம்தான் உடம்பில் அதிகம் சேரும். கூடவே கருப்பட்டி போட்டு உளுந்தங்களி கிண்டிக் கொடுங்கள்.

பாளையங்கோட்டை: டைபாய்டும் இதுதானே?

ஒரே குடும்பம், வேறு வகை. டைபாய்டு கிருமி மனிதரிடம் மட்டுமே வாழும். நோயாளியின் மலம் கலந்த தண்ணீர், உணவு வழியாக வரும். கோழி மேல் பழி போடாதீர்கள்.

தென்காசி: முட்டையைக் கழுவினால் போதாதா?

உள்ளே இருப்பது எப்படிப் போகும்?

களக்காடு: எங்கள் வீட்டில் மூன்று தலைமுறையாகக் குடிக்கிறோம். ஒருவருக்கும் ஒன்றும் ஆனதில்லை.

வள்ளியூர்: அதானே! கிருமியெல்லாம் பிராய்லர் பண்ணையில்தான். நாட்டுக்கோழியை ஏன் இழுக்கிறீர்கள்?

எல்லா முட்டையிலும் கிருமி இருக்காது. அதனால்தான் பலர் தப்பிக்கிறார்கள். எது கெட்டது என்று கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாதே! வீட்டில் யாருக்காவது பேதி வந்தபோது 'சூடு பிடித்துவிட்டது' என்று விட்டிருப்பீர்கள், முட்டையைச் சந்தேகப்பட்டிருக்க மாட்டீர்கள். நாட்டுக்கோழி குப்பையைக் கிளறுகிறது, எலி எச்சம் கலந்ததைத் தின்கிறது. எலி இந்தக் கிருமியைச் சுமக்கும். இனம் பார்த்துக் கிருமி ஒதுங்காது.

நாங்குநேரி: ஆஃப் பாயில்?
கடையநல்லூர்: கலக்கி?
சேரன்மகாதேவி: பாலில் அடித்த முட்டை?

மூன்றுக்கும் ஒரே பதில். மஞ்சள் கரு கெட்டியாகும்வரை வேகவேண்டும்.

மேலப்பாளையம்: குழந்தைக்கு இரண்டு நாளாகப் பேதி. மெடிக்கலில் மாத்திரை வாங்கவா?

வாங்காதீர்கள். உப்புச்சர்க்கரைக் கரைசல் கொடுத்துக்கொண்டே இன்றைக்கே குழந்தை மருத்துவரிடம் போங்கள்.

ராதாபுரம்: கோழி கழுத்தைத் திருகிக்கொண்டு நிற்கிறது. அறுத்துவிடலாமா?

கூடாது. வெள்ளைக் கழிச்சல் என்ற கோழி நோயாக இருக்கலாம். தனியாக அடைத்து, திருநெல்வேலி ராமையன்பட்டி கால்நடை மருத்துவக் கல்லூரியில் காட்டுங்கள். தொட்ட கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள்.