1,500 ரூபாய்தான் கையில் இருக்கிறது, நெல்லையில் கொலு பொம்மைக் கண்காட்சிக்குப் போனால் எதை வாங்குவது?

வேலைக்குச் சேர்ந்து ஒரு வருடம்தான் ஆகிறது, வாடகை வீடு, ஐந்து படி வைக்க ஆசை, பாளையங்கோட்டையில் கண்காட்சி போட்டிருக்கிறார்கள், ஒரு செட்டாக வாங்கிவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். 1,500 ரூபாய் தாராளம். ஆனால் செட் வாங்காதீர்கள்.

நான் 2013-லிருந்து சேர்க்கிறேன், கண்காட்சிக்குப் போகாத வருடம் 2020 மட்டும்தான். 2016-ல் உங்களை மாதிரியே கையில் இருந்த மொத்தத்தையும் கொடுத்து ஒரு தசாவதார செட் வாங்கினேன். பத்து பொம்மையும் பளபளவென்று அவ்வளவு அழகு. மூன்றாம் வருடம் பெட்டியைத் திறந்தால் பரசுராமர் கையில் கோடரி இல்லை, வாமனர் குடை மணிக்கட்டோடு போய்விட்டது, உடைந்த இடத்தில் மாவு மாதிரி வெள்ளையாக உதிர்கிறது. பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ், கேட்காமல் வாங்கியது என் தப்பு. செட்டில் இருக்கிற சங்கடம் என்னவென்றால் பத்தில் ஒன்று போனாலும் மீதி ஒன்பதைப் படியில் ஏற்ற மனசு வராது. தனிப் பொம்மைக்கு அந்தக் கவலை இல்லை. வருடத்துக்கு ஒரு புதுப் பொம்மையாவது சேர்க்க வேண்டும் என்பதுதானே நம் வழக்கம், அந்த ஒன்றை நல்லதாக வாங்குங்கள்.

முதல் தடவை போகும்போது பஸ்ஸுக்கு மட்டும் காசு எடுத்துக்கொண்டு போங்கள். எல்லாக் கடையையும் நின்று நிதானமாகப் பாருங்கள், விற்பவர்களிடம் எந்த ஊர்ப் பொம்மை என்று கேளுங்கள். பண்ருட்டி, மதுரை விளாச்சேரி, காஞ்சிபுரம், கொண்டப்பள்ளி மரப் பொம்மை, கர்நாடகத்துச் சென்னபட்டணா மரப் பொம்மை என்று ஒரே கூரைக்குக் கீழே எல்லாம் வந்திருக்கும், கையில் எடுத்துப் பார்க்க யாரும் காசு கேட்பதில்லை. வீட்டுக்கு வந்து ராத்திரி படுக்கும்போது எந்தப் பொம்மை கண்ணுக்குள் நிற்கிறதோ அதற்காக மறுநாள் போங்கள்.

வாங்கும்போது முகத்தைப் பார்ப்பதற்கு முன்னால் பொம்மையைக் கவிழ்த்து அடியைப் பாருங்கள். சுட்ட மண் என்றால் பெயின்ட் படாத இடத்தில் செங்கல் நிறம் தெரியும், உள்ளே பொள்ளலாக இருக்கும், ஒரு ஓட்டையும் இருக்கும் (சூளையில் சுடும்போது உள்ளே இருக்கிற ஈரம் ஆவியாக வெளியேற வழி வேண்டும், இல்லையென்றால் வெடித்துவிடும்). விரல் முட்டியால் மெதுவாகத் தட்டினால் கணீரென்று கேட்க வேண்டும், சத்தம் சொத்தையாக இருந்தால் எங்கோ கீறல் இருக்கிறது. அப்புறம் இரண்டு பக்க அச்சையும் சேர்த்த கோடு காதோரம், தோளோரம் ஓடும், அதைச் சரியாக வழித்துவிட்டிருக்கிறார்களா என்று விரலால் தடவிப் பாருங்கள். காகிதக்கூழ் பொம்மை மண்ணைவிட லேசு, கீழே விழுந்தாலும் அவ்வளவு சீக்கிரம் உடையாது, வாடகை வீடு மாறுகிறவர்களுக்கு நல்லது, ஆனால் ஈரமும் பூச்சியும் அதற்கு ஆகாது.

கடைசியாகத்தான் கண். 2022-ல் பாம்படம் போட்ட ஆச்சி பொம்மை ஒரு கடையில் ஆறு இருந்தது, ஆறும் ஒரே அச்சு. ஒரு காலை மடக்கி உட்கார்ந்து மடியில் வெற்றிலைப் பெட்டி, காதுச்சோணை நூல் மாதிரி தோள்வரை தொங்கும், அதில் பாம்படம். கண் மட்டும் கையால் எழுதுவதால் ஆறு ஆச்சிக்கும் ஆறு பார்வை. ஒருத்தி முறைக்கிறாள், ஒருத்திக்குத் தூக்கம் வருகிறது, நாலாவது ஆச்சி மட்டும் வாசலில் யாரோ கூப்பிட்ட மாதிரி லேசாக இடதுபக்கம் பார்க்கிறாள். எங்க ஆச்சியும் காது வளர்த்தவள், திண்ணையில் அப்படித்தான் பார்ப்பாள். அந்தக் காதுதான் முதலில் உடையும் என்று தெரிந்தும் 650 ரூபாய் கொடுத்து வாங்கினேன். கடைக்கார அண்ணாச்சி காதுக்கு மட்டும் தனியாகப் பஞ்சு சுற்றிக் கொடுத்தார், இன்றுவரை அதே மாதிரிதான் சுற்றி வைக்கிறேன்.

விலை விஷயத்தில், செய்தவரே வந்து விற்கும் கடையில் ஒரு பொம்மைக்காக ரொம்ப இழுக்காதீர்கள். அதற்குப் பதிலாக "பெயின்ட் உரிஞ்சது, சின்ன அடி பட்டது ஏதாவது இருக்கா அண்ணாச்சி" என்று கேளுங்கள், மேஜைக்கு அடியிலிருந்து எடுத்துக் காட்டுவார்கள். உடுப்பில் நிறம் போனதை அக்ரிலிக் பெயின்டும் மெல்லிய பிரஷும் வைத்து நாமே சரிசெய்துவிடலாம். முகத்தில் அடிபட்டதை மட்டும் தொடாதீர்கள், அந்தக் கண் நம் கைக்கு வராது.

மீதிப் பணத்தைக் கண்காட்சியிலேயே தீர்க்க வேண்டாம். ஒரு ஞாயிற்றுக்கிழமை செங்கோட்டை போகிற பாசஞ்சரில் ஏறுங்கள். சேரன்மகாதேவி தாண்டினால் காருகுறிச்சி. நாதஸ்வரத்துக்குப் பேர்போன ஊர், மண்பாண்டத்துக்கும்தான். சின்னப் பானை, அகல், அடுப்பு எல்லாம் கொஞ்சக் காசுக்குக் கிடைக்கும், படியில் ஒரு கிராமமே வைத்துவிடலாம். அப்படியே அம்பாசமுத்திரம் போனால் மரச் சொப்பு. அரக்குச் சாயம் ஏற்றிக் கடைந்த அம்மி, உரல், திருகை, குடம் என்று ஒரு அடுக்களையே வந்துவிடும். நான் ஆச்சிக்கு முன்னால் அந்தத் திருகையை வைத்தேன், வந்தவர்கள் எல்லாம் எங்கே வாங்கியது என்று அதைத்தான் கேட்டார்கள்.

மரப்பாச்சிக்குப் பணம் ஒதுக்காதீர்கள். பழைய செம்மர ஜோடி உங்கள் அம்மா வழியில் யார் வீட்டுப் பரணிலாவது இருக்கும், முதலில் அங்கே கேளுங்கள்.

கொலு முடிந்து கொஞ்ச நாளில் ஐப்பசி மழை பிடித்துவிடும். அதற்குள் பொம்மைகளை ஈரத்துணி படாமல் காய்ந்த துணியால் துடைத்து, நிழலில் ஒரு நாள் ஆறவிட்டு, பழைய பருத்தி வேட்டியில் சுற்றி வையுங்கள். பாலிதீன் பையில் போட்டுக் கட்டினால் உள்ளே வேர்த்துப் பூஞ்சை பிடிக்கும்.

ஒன்று விட்டுப்போச்சு. கிளம்பும் முன் உங்கள் படியின் அகலத்தையும் இரண்டு படிக்கு நடுவே உள்ள உயரத்தையும் ஒரு நூலில் முடிச்சுப் போட்டு எடுத்துக்கொண்டு போங்கள். கண்காட்சி மண்டபத்தில் எல்லாப் பொம்மையும் சின்னதாகத்தான் தெரியும்.